நாராயணம்மாவின் எட்டாவது மறுபயிற்சி

எங்கள் கம்பெனியில் பயிற்சிப் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு உண்டு. அதில் நாராயணம்மாவின் கையெழுத்து ஏழு இடங்களில் இருக்கிறது. ஏழும் 'பயிற்சி பெற்றவர்' என்ற கட்டத்தில். ஏழு முறையும் தலைப்பு ஒன்றுதான்: குறைபாடுகளைக் கண்டறிதல். ஒரே பாடத்தை ஏழு தடவை படித்தவர் சரியான மக்காக இருப்பார் என்று நினைப்பீர்கள். முதல் தடவைக்கு முன்பே அந்தப் பாடம் முழுவதும் அவருக்குத் தெரியும். இதை என்னைவிட உறுதியாக யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த நோட்டை எழுதியவனே நான்தான்.

ஓசூர் சிப்காட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்குக் கண்ணாடி செய்கிறோம். கண்ணாடி என்று பெயரே தவிர, அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். குருணையாக வருவதை உருக்கி, அச்சுக்குள் அழுத்தி, குளிர்ந்ததும் எடுக்கிறோம். வண்டிக் கம்பெனியிலிருந்து புகார் வந்தால் 'ஏன்-ஏன் தாள்' ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். ஏன் உடைந்தது, ஏன் அப்படி ஆனது, ஏன் முன்பே தெரியவில்லை என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்பதற்கான தாள் அது. எங்கள் கம்பெனியில் அந்த ஐந்து ஏன்களும் எந்தத் தெருவில் புறப்பட்டாலும் ஒரே வீட்டு வாசலில் போய்த்தான் நிற்கும். 'ஆபரேட்டரின் கவனக்குறைவு. தீர்வு: மறுபயிற்சி.' இயந்திரம் ஒருநாளும் தப்புச் செய்ததில்லை. மேனேஜர் செய்வார் என்று நினைத்துப் பார்க்கவே கூடாது. தரப்பிரிவு இன்ஜினியர் இளம்பரிதியாகிய நான், திருவாரூரிலிருந்து இத்தனை தூரம் பிழைக்க வந்து, அந்த ஒரே வாக்கியத்தைப் பழைய தாளிலிருந்து எடுத்துப் புதிய தாளில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நாராயணம்மா பேரிகைக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கர்நாடக லாரி டிரைவர்களிடம் கன்னடம். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு தக்காளித் தோட்டத்தில் தரம் பிரிக்கும் வேலை. பெட்டிக்கு மேலே நல்லதையும் அடியில் வெடித்ததையும் வைக்கச் சொன்ன வியாபாரியிடம், "நான் பிரிச்சது பிரிச்சதுதான். கலக்கணும்னா நீயே கலந்துக்கோ" என்று கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. மறுநாள் வேறு தோட்டம். பிறகு கொஞ்ச வருடம் ரோஜாப் பண்ணை. பேரிகை வரைக்கும் கம்பெனி பஸ் வர ஆரம்பித்ததும் ஒப்பந்தத் தொழிலாளியாக இங்கே சேர்ந்தார். பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் ஒப்பந்தம்தான்.

அவர் வேலை மூன்றாம் நம்பர் மெஷினில். அச்சு திறந்ததும் பீஸை எடுத்து, கொடியை வெட்டி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, நல்லதென்றால் பச்சைப் பெட்டியிலும் இல்லையென்றால் சிவப்புத் தொட்டியிலும் போடவேண்டும். கொடி என்றால் உருகல் அச்சுக்குள் ஓடிப்போன பாதை, பீஸோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். இன்ஜினியர்கள் அதை ரன்னர் என்போம். எல்லாவற்றுக்கும் பெண்கள் இப்படி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஓரத்தில் வழிந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாஷ் அவர்களுக்குப் பிசிறு. அச்சு முழுவதும் நிரம்பாமல் வரும் ஷார்ட் ஷாட், குறை. இரண்டு ஓட்டங்கள் சேரும் இடத்தில் விழுகிற வெல்ட் லைன், தழும்பு. ஈரமான குருணையை உருக்கினால் பீஸின் மேல் வெள்ளி வெள்ளியாகக் கோடு ஓடும். எங்கள் பலகையில் அதற்கு சில்வர் ஸ்ட்ரீக் என்று பெயர். அவர்களுக்கு அது மழைக்கோடு.

இந்தப் பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு ஆங்கிலத்தில்தான் சொல்லவேண்டும் என்று ஒருமுறை உத்தரவு போட்டோம். சுவரில் பலகை மாட்டி, ஒவ்வொரு குறைக்கும் ஒரு மாதிரியைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டே நாளில் நாராயணம்மா அத்தனையையும் தலைகீழாக ஒப்பித்தார். ஒப்பித்துவிட்டுப் பலகையில் ஒரு மாதிரியைத் தொட்டுக் காட்டினார்.

"இது தழும்பு இல்ல சார், கீறல். அச்சுல இருக்குது. பேர மாத்திக் கட்டிக்கினு இருக்கீங்க."

அவர் சொன்னது சரி. பலகையைக் கட்டியவன் நான்.

ஸ்டூல் விஷயமும் இப்படித்தான். எட்டு மணி நேரமும் பெண்கள் நின்றபடியே வேலை செய்வார்கள். ஒருநாள் இவர் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் வெங்கட் ஓடி வந்து எழுந்திருக்கச் சொன்னான். "நிக்கறதுக்கா என்ன எடுத்தீங்க, பாக்கறதுக்கா? பாக்கறதுக்குன்னா கண்ணு போதும்" என்றார். எழுந்திருக்கவில்லை. ஒரு வாரம் இந்த மல்லுக்கட்டு நடந்தது. அடுத்த மாதம் எல்லா மெஷினுக்கும் ஸ்டூல் வந்தது.

அவரிடம் இன்னொரு பழக்கம். மெஷின் நின்று திரும்ப ஓடும்போது, உள்ளே தங்கிய பழைய உருகலை முதலில் வெளியே தள்ளிவிட வேண்டும். பர்ஜிங் என்பது அதுதான். மெஷினின் மூக்கிலிருந்து உருகல் கொழகொழவென்று இறங்கித் தரையில் கட்டியாகச் சேரும். அது இறுகுவதற்குள், கையுறை போட்டுக்கொண்டு பித்தளைக் கம்பியால் அதன்மேல் பொருளின் பெயர், தேதி, ஷிப்ட், மணி எல்லாவற்றையும் கீறிவைப்பார். கழிவை அரைக்கும் கிரைண்டரில் இருக்கும் முனீர் அகமதுக்காகத் தொடங்கிய பழக்கம் அது. பாலிகார்பனேட்டும் அக்ரிலிக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே பளிங்காக இருக்கும். ஒருமுறை இரண்டும் கலந்துபோய் ஒரு நாள் உற்பத்தி முழுக்க வீணானது. பழி முனீர் பாய் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து இவர் எழுதுகிறார். எழுதச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

இனி எட்டாவது தடவைக்கு வித்திட்ட பதினான்காம் தேதிக்கு வருகிறேன்.

காலை ஷிப்ட். வெளியே நல்ல மழை. ஏழு மணிக்குச் சற்று முன்பு உலர்த்தியில் புது மூட்டைகளைக் கொட்டினார்கள். ஏழுக்குக் கரண்ட் போனது. பாலிகார்பனேட் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்து வைத்திருக்கும். நூற்றிருபது டிகிரியில் நாலு மணி நேரம் காயவைத்தால்தான் உருக்கலாம்; ஈரத்தோடு உருக்கினால் பீஸ் வலுவிழந்து விரிசல் விடும். கரண்ட் வந்தது பத்து மணிக்கு. முறைப்படி இரண்டு மணிக்குத்தான் மெஷின் ஓடவேண்டும். வெங்கட் பதினொரு மணிக்கே பர்ஜிங் செய்யச் சொன்னான்.

"காயலியே வெங்கட் சார்."

"லாரி நிக்குதுக்கா. மேல இருந்து போன் மேல போன். ஓட ஓடக் காஞ்சிடும்."

தள்ளிய கட்டி முழுக்கக் குமிழி. சோடாவை ஆட்டிவிட்ட மாதிரி. நாராயணம்மா வழக்கம்போலக் கீறிவைத்தார்: பி.சி., 14, ஏ ஷிப்ட், 11. அதாவது பாலிகார்பனேட், காலை ஷிப்ட். பிறகு வந்த முதல் நாற்பது பீஸிலும் ஓரத்தில் மழைக்கோடு. நாற்பதையும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார். வெங்கட் வந்து திரும்ப ஓட்டினான். தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பீஸை எடுத்துப் பார்த்தான். "கோடு ஓரத்துலதான் இருக்கு. பிரேமுக்குள்ள மறஞ்சிடும்" என்று பாதியைப் பச்சைப் பெட்டிக்கு மாற்றினான். நாராயணம்மா மறுபடி நிறுத்தினார். அவன் மறுபடி ஓட்டினான்.

மூன்றாவதாக அவர் என்னிடம் வந்தார்.

"சார், மழைக்கோடு. சில்வர் ஸ்ட்ரீக். எந்தப் பாஷைல சொன்னாலும் ஈரம்தான். நீங்க வந்து நிறுத்துங்க."

"பார்க்கிறேன்க்கா" என்றேன். பார்க்கவில்லை. லாரி போகட்டும் என்று கேண்டீனுக்குப் போய் வடை தின்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் நாராயணம்மாவைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதக்கூடாது.

அன்று மதியம் ஷெட்டுக்குள் சுற்ற வந்த மேனேஜர் முனீர் பாயின் தள்ளுவண்டியில் கிடந்த அந்தக் கட்டியைப் பார்த்தார். உள்ளே குமிழி மின்னியது அவருக்குப் பிடித்துவிட்டது. "அழகா இருக்கே பாய், என் டேபிளுக்குக் குடுங்க" என்று வாங்கிப்போனார். பிளாஸ்டிக் கம்பெனி மேனேஜர்களுக்கு இந்த ஆசை உண்டு. மேஜையில் இப்படி ஒரு கட்டி இல்லாத மேனேஜரை நான் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தது. வண்டிக் கம்பெனியில் திருகாணியை முறுக்கும்போதே துளையைச் சுற்றி விரிசல் விடுகிறதாம். பெட்டியில் ஒட்டும் சீட்டில் அந்நேரத்து ஆபரேட்டரின் எண் தானாகவே அச்சாகும். நாராயணம்மாவின் எண். இம்முறை அவர்கள் மறுபயிற்சியோடு விடவில்லை, சோதனை வேலையிலிருந்து அந்த ஆளையே மாற்றச் சொன்னார்கள். நான் தாளை நிரப்பினேன். ஐந்தாவது ஏனுக்குக் கீழே பழைய வாக்கியத்தை ஒட்டினேன். கை கொஞ்சம் கூசியது, ஆனால் ஒட்டியது.

மேனேஜரும் நானும் மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் போனோம். கையெழுத்துப் போட்டால் துடைக்கிற, பெருக்குகிற வேலை தருவதாக மேனேஜர் சொன்னார். போடாவிட்டால் வெளியே. நாராயணம்மா தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

"ஏழு தடவ போட்டேன். தப்பு யாருதுன்னு எனக்கே சரியாத் தெரியாது, போனா போவுதுன்னு போட்டேன். இந்தத் தடவ தெரியும். போட மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதீங்கம்மா. வேலையாவது மிஞ்சும்" என்றார் மேனேஜர்.

"என் கண்ணு குருடுன்னு எழுதிக் குடுத்துட்டு, அப்பறம் எந்தக் கண்ணால சார் வேல செய்யறது?"

"அப்போ நாளையிலிருந்து வராதீங்க."

"வருவேன். உள்ள விடறதும் விடாததும் உங்க இஷ்டம்."

சிவப்புத் தொட்டியில் மிஞ்சிய பீஸ்களெல்லாம் அரைபட்டு எப்போதோ வேறு பொருளாகிவிட்டன. அவர் பக்கத்தில் சாட்சியென்று ஒன்றுமில்லை. நான் ஒருவன் இருந்தேன், வாயை மூடிக்கொண்டு.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அவரை ஏற்றவில்லை. டவுன் பஸ் பிடித்து வந்து, ஐந்தே முக்காலுக்கு யூனிபார்ம் கோட்டோடு, டிபன் டப்பாவோடு கேட்டுக்கு வெளியே நின்றார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கிளம்பிப் போனார். இப்படி ஆறு நாள். கோஷம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. உள்ளே போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார், வெளிச்சத்தில் பீஸைப் பார்க்கிற மாதிரி. நான் மூன்றாம் நாளிலிருந்து பின்பக்கக் கேட் வழியாகப் போக ஆரம்பித்தேன். நாராயணம்மாவின் வீட்டுக்காரர் திம்மப்பன்கூட, "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வந்து வேலையப் பாரு" என்றாராம். "உன்னக் கேட்டா நீ போடு" என்று அவர் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நாலாம் நாள் உள்ளே போகவிருந்த முனீர் பாயை நிறுத்தினார்.

"பாய், பதினாலாந்தேதிக் கட்டி. அரச்சிட்டீங்களா?"

"அதை எங்க அரைக்க விட்டாரு? மேனேஜர் டேபிள் மேல உக்காந்திருக்கு."

நாராயணம்மா வாய்விட்டுச் சிரித்தாராம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய். சொன்னா இன்னிக்கே அது கிரைண்டருக்கு வந்துடும்."

ஆறாம் நாள் வண்டிக் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்தார் கவிப்ரியா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் மேனேஜருக்கு வியர்க்கும். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கக் கார் ஒரு நிமிடம் நின்றது. நாராயணம்மா ஜன்னல் பக்கம் போனார்.

"மேடம், விரிசல் விட்ட பெட்டி மேல இருக்குதே நம்பரு, அது நான்தான். என்னத்தான் பாக்க வந்திருக்கீங்க. ஆனா என்ன உள்ள விட மாட்டேங்கறாங்க."

கவிப்ரியா கார்க் கதவைத் திறந்துவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளி நாராயணம்மா அன்று வாடிக்கையாளரின் காரில் உட்கார்ந்து கம்பெனிக்குள் வந்தார். வரவேற்கப் பூங்கொத்தோடு நின்ற மேனேஜரின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மேனேஜர் அறையில் நால்வர் உட்கார்ந்தோம். வெங்கட் சுவரோரம் நின்றான். மேஜைமேல் அந்த ஏன்-ஏன் தாள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு பளிங்குக் கட்டி.

"ஆபரேட்டர் கவனிக்கலைன்னு எழுதியிருக்கு. என்னம்மா சொல்றீங்க?" என்றார் கவிப்ரியா.

நாராயணம்மா முதலில் தெலுங்கில் தனக்குள் முணுமுணுத்தார். சொன்னால் கேட்கமாட்டார்கள், இது என் தப்பா என்று அர்த்தமாம், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு கையை நீட்டிக் கட்டியைத் தூக்கினார். தாள் பறந்துபோய் வெங்கட்டின் காலடியில் விழுந்தது. கட்டியைத் திருப்பி, கீறியிருந்த பக்கத்தைக் கவிப்ரியாவின் முன்னால் வைத்தார்.

"படிங்க மேடம். என் கையெழுத்து கோணலா இருக்கும்."

"பி.சி., பதினாலு, ஏ ஷிப்ட், பதினொண்ணு." கவிப்ரியா கட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இவ்வளவு குமிழியா? மெட்டீரியல் காயவே இல்ல போலிருக்கே."

"கரண்ட் வந்தது பத்துக்கு. மெஷின ஓட்டுனது பதினொண்ணுக்கு. கணக்கு நீங்களே போட்டுக்குங்க."

"அது வேற நாள் கட்டியா இருக்கும்..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"தேதி போட்டிருக்குதே சார். நீங்கதான அழகா இருக்குதுன்னு எட்த்துக்கினு வந்தீங்க? நாலு வாரமா உங்க முன்னாடிதான் உக்காந்துக்கினு இருக்குது. அழகப் பாத்தீங்க, எழுத்தப் பாக்கல. இப்ப சொல்லுங்க, யாருக்குக் கவனக்குறைவு?"

அவர் தொடர்ந்தார்.

"ரெண்டு தடவ மெஷின நிறுத்தினேன். தொட்டில போட்டத எடுத்துப் பெட்டில போட்டாங்க. அப்பறம் மூணாவதா இந்தச் சார்கிட்டப் போயி பேரு சொல்லிச் சொன்னேன். கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மேனேஜரின் பார்வையில் என் சம்பள உயர்வு, அடுத்த பதவி எல்லாம் தெரிந்தது. நாராயணம்மாவின் பார்வையில் ஒன்றும் தெரியவில்லை. கெஞ்சல்கூட இல்லை. நல்ல பீஸா, ரிஜெக்டா என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"சொன்னாங்க" என்றேன். "நிறுத்தச் சொல்லி என்கிட்ட சொன்னாங்க. நான் நிறுத்தல."

கவிப்ரியா தரையில் கிடந்த தாளை எடுத்து, ஐந்தாவது ஏனுக்குக் கீழே இருந்த வரியை ஒரே கோட்டில் அடித்தார். அன்று சாயங்காலத்துக்குள் வேறு தாள் தயாரானது. மூலகாரணம்: காயாத பொருளை ஓட்டியது, ஆபரேட்டரின் எச்சரிக்கையைப் புறக்கணித்தது. தீர்வு: ஆபரேட்டர் நிறுத்திய மெஷினைக் காரணம் எழுதாமல் திரும்ப ஓட்டக்கூடாது. மேலும், சம்பந்தப்பட்டவர்களுக்கு மறுபயிற்சி.

அதற்காக நாராயணம்மாவைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மேனேஜர் ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒப்பந்தம் இன்னும் ஒப்பந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை கம்பெனி பஸ் பேரிகையில் அவருக்காக நின்றது. அவர் மூன்றாம் நம்பர் மெஷினுக்கே வந்து, தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பயிற்சி கொடுப்பது யார் என்ற பேச்சு வந்தபோது, மெஷின் பக்கத்திலேயே கொடுக்கவேண்டும், அதற்கு அந்த அம்மாவே போதும் என்று கவிப்ரியா எழுதி அனுப்பிவிட்டார். நான் பதிவேட்டை எடுத்துப்போய் விரித்தேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாக 'பயிற்சி அளித்தவர்' என்ற கட்டத்தைக் காட்டினேன். நாராயணம்மா எண்ணெய்க் கையை யூனிபார்ம் கோட்டில் துடைத்துக்கொண்டு, தன் பெயரை முழுசாக எழுதினார். கீழே 'பயிற்சி பெற்றவர்' கட்டத்தில் வெங்கட்டின் பெயரை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டான்.

நோட்டை மூடப் போனேன். நாராயணம்மா உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

"இரு தம்பி. இன்னொரு பேரு விட்டுப்போச்சு."

அதுவரை என்னை அவர் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பேனாவை என் பக்கம் நீட்டினார். வெங்கட்டின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் அச்சு திறந்து அடுத்த பீஸ் வந்திருந்தது. அதை எடுத்துக் கொடியை வெட்டி என் கையில் கொடுத்தார்.

"வெளிச்சத்துல பிடி. என்னா தெரியுதுன்னு சொல்லு."